நாக்கு சாரின் கால் நகங்கள்

எங்கள் வீட்டில் குடி கிடையாது, சூது கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. அப்படியிருந்தும் குடும்பம் குட்டிச்சுவராகிப் போனது. கால் நகத்தால் போனது என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். எனக்கு வாய்த்தவன் சரியில்லை என்று கல்யாணமான வருஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, அண்ணன் வீட்டு மாடி அறையில் இடம் பிடித்தவள் நான். அதற்காக அண்ணி ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி நான் அவளைத் திட்டப் போகிறேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவளுக்குச் சொந்த வீட்டில் கண்ணெதிரே நடந்தது தெரியவில்லை. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தேயிலைக் கம்பெனியில் டீ டேஸ்டர். நீளமான மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, சுற்றி இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்புவான். துப்பிய கையோடு சொல்லிவிடுவான்: இது மழைக்கு முன்னால் பறித்தது, இதில் ஈரம் ஏறியிருக்கிறது, இதை வறுத்தவன் பாதியில் தூங்கியிருக்கிறான். எத்தனையோ தோட்டத்து இலைகளைக் கலந்து வருஷம் முழுக்க ஒரே ருசியில் பாக்கெட் போடுவது அவன் நாக்கை நம்பித்தான். கம்பெனியில் அவனுக்குப் பெயரே கிடையாது, வாட்ச்மேன் முதல் முதலாளி வரை நாக்கு சார்தான்.

அந்த நாக்குக்காக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெங்காயம் பூண்டு ஆகாது, காரம் ஆகாது, வெற்றிலை பாக்கு, சிகரெட் எதையும் தொட்டதில்லை. காலையில் உப்பும் சர்க்கரையும் போடாத ஓட்ஸ் கஞ்சி. அதை ஒரு வாரம் சாப்பிட்டால் எனக்கு உயிரே போய்விடும். வீட்டில் நாங்கள் வாசனை சோப்புகூட வாங்க முடியாது. நாங்கள் அவனைக் கிண்டல் செய்வோம், அவன் சிரித்துக்கொள்வான். உள்ளூர அவனுக்கு அதில் ஒரு ராஜ மிடுக்கு உண்டு.

அண்ணி நீச்சல் குளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுக்கிறவள். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற பிள்ளைகளை அவளிடம்தான் தள்ளுவார்கள். மற்றவர்கள் அதட்டுவார்கள், இவள் பிள்ளையோடு படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டு கதை பேசுவாள். பேச்சு வாக்கில் பிள்ளை இடுப்பு வரை இறங்கியிருக்கும். வெறுங்காலோடு செய்கிற வேலை அது. அவள் கால்தான் அந்தப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது.

இப்போது நகத்துக்கு வருகிறேன். அண்ணன் நாள் முழுக்க ஷூவுக்குள் காலைப் பூட்டி வைத்திருப்பவன். எப்போது பிடித்ததோ தெரியாது, இரண்டு கட்டை விரல்களிலும் நகச்சொத்தை. பழைய சோப்புத் துண்டு போல மஞ்சளாகத் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிரும். வலி கிடையாது, அதனால் அவன் கண்டுகொள்ளவில்லை. அது ஈரத்தில் ஒட்டிக்கொள்கிற பூஞ்சை, வீட்டில் இருப்பதோ ஒரே குளியலறை. அவன் காலில் இருந்தது அண்ணி காலுக்கு வந்தது, எனக்கு எப்படியோ வரவில்லை.

அண்ணி டாக்டரிடம் ஓடினாள். தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டாள். நகம் பளிங்கு போல வளர்ந்து வந்தது. அடுத்த வருஷமே திரும்ப வந்தது. மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி மூன்று மாதம். "ஒரே வீட்டுல இன்னொருத்தருக்கு இருந்தா, நீங்க மட்டும் மாத்திரை சாப்பிடறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறதுதான்" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அண்ணி அவனுக்கு நீலச் செருப்பும் தனக்குச் சிவப்புச் செருப்புமாகக் குளியலறைக்கு வாங்கி வைத்தாள், துண்டையும் தனித்தனியாக்கினாள். ஆனால் கோப்பைக்குக் கோப்பை நூல் பிசகாமல் வித்தியாசம் சொல்பவனுக்கு நீலத்துக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. காலில் எது தட்டுப்படுகிறதோ அதை மாட்டிக்கொண்டு போய்விடுவான். நானே பத்து தடவை கத்தியிருக்கிறேன்.

நீச்சல் குளத்து மேனேஜர் மாதாமாதம் பயிற்சியாளர்களை பெஞ்சில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொல்லிப் பார்ப்பான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பானாம். இரண்டாவது தடவை நகம் கெட்டிருந்ததைப் பார்த்தபோது, மற்றவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டான்: "பெத்தவங்க காசு குடுத்துப் பிள்ளையை அனுப்பறது நீச்சல் கத்துக்க, உங்க வியாதியை வாங்கிட்டுப் போக இல்ல. இன்னொரு தடவை இப்படி வந்தா, நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம்."

அன்றைக்கு அண்ணி ஈரத் தலையோடு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நகம் தேறியபிறகும் அந்த பயம் போகவில்லை. தினமும் வாசல் வெளிச்சத்தில் காலை நீட்டி நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அண்ணன் டாக்டரிடம் வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆஸ்பத்திரி என் கடைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நானும் போனேன். அண்ணி கூப்பிட்டது துணைக்கு இல்லை, சாட்சிக்கு.

டாக்டரம்மா அண்ணன் நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்தபிறகு எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"மூணு வழி இருக்கு. தினம் ஒரு மாத்திரை, மூணு மாசம். நல்லா கேக்கறது அதுதான். ஈரல் எப்படி இருக்குன்னு முன்னாடியே ரத்தம் பாத்துக்கணும். இன்னொண்ணு, மாசத்துல ஒரு வாரம் மட்டும் சாப்பிடற கேப்சூல். நிறைய பேர் அதைத்தான் கேப்பாங்க, மீதி நாள் மறந்துட்டு இருக்கலாம்ல. ஆனா உங்க பழைய ரிப்போர்ட்ல இதயம் கொஞ்சம் பலவீனம்னு எழுதியிருக்கு, அதனால உங்களுக்கு அது ஆகாது. மூணாவது, நகத்து மேல பூசற மருந்து. ஒரு வருஷம் பூசணும். இவ்வளவு தடிச்ச நகத்துக்கு அது மட்டும் போதுமான்னு கேட்டா, எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. உங்க விருப்பம் எது?"

"தினம் சாப்பிடற மாத்திரைல வேற என்ன வரும் டாக்டர்?" என்று அண்ணன் கேட்டான்.

"வயிறு கொஞ்சம் கலங்கும். அபூர்வமா ஈரலைப் பாதிக்கும், அதுக்குத்தான் பரிசோதனை. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு ருசி தெரியாமப் போகும். நிறுத்தினா பெரும்பாலும் திரும்ப வந்துடும்."

"பெரும்பாலும்னா?"

டாக்டரம்மா மழுப்பவில்லை. "வராமலே போனவங்களும் இருக்காங்க. ரொம்ப ரொம்பக் குறைவு."

அண்ணன் ஷூவை மாட்டிக்கொண்டான். "கண்ணை வித்து சித்திரம் வாங்கற கதைதான். பூசற மருந்தே எழுதிடுங்க."

"மாத்திரையே எழுதுங்க டாக்டர், அவர் சாப்பிடுவார்" என்றாள் அண்ணி.

"நான் அவரைக் கேட்டேம்மா. கால் அவரோடது."

"அவர் கால்ல இருக்கறது என் காலுக்கு வருதே டாக்டர். அதுக்கு நான் யார்கிட்ட போய் விருப்பம் சொல்லணும்?"

டாக்டரம்மா சீட்டைக் கிட்டே இழுத்தார். அவர் பூச்சு மருந்தை எழுதினார், தனித் துண்டு, தனிச் செருப்பு என்று பழைய பாட்டைப் பாடினார், நாங்கள் வெளியே வந்தோம்.

வழியெல்லாம் சண்டை. "நூத்துல ஒருத்தருக்கு வர்றது உங்களுக்குத்தான் வரும்னு எழுதி ஒட்டியிருக்கா?" என்றாள் அண்ணி. "வந்தா? என் சோறே நாக்குலதான் இருக்கு" என்றான் அண்ணன். "அப்ப என் சோறு?" என்றாள் அவள். "நீ செருப்பைத் தனியா வெச்சுக்கோ" என்றான். இதைத்தான் அவன் சொல்லியிருக்கக் கூடாது. சிவப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவன் சொல்கிற பேச்சா இது? நானும் அண்ணி பக்கம் நின்று இரண்டு வார்த்தை கேட்டேன். அதற்குப் பிறகு சில நாள் வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லை.

அப்புறம் ஒரு காலையில் அண்ணி எல்லாவற்றையும் மறந்தவள் போல இருந்தாள். அதுவரை கஞ்சியை அண்ணன்தான் காய்ச்சிக்கொள்வான். அவள் சீக்கிரமே எழுந்து தானே காய்ச்சி, அவனுடைய கிண்ணத்தில் ஊற்றி ஆற்றி வைத்திருந்தாள். "நெஞ்சுக்கு நல்லதுன்னு ஒரு வாழைப்பழம் மசிச்சுப் போட்டிருக்கேன்" என்றாள். புருஷன் பெண்டாட்டி சண்டை அரைநாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பொடித்த மாத்திரையைக் கஞ்சியில் மறைத்துவிடலாம். தன்னுடைய பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வழக்கமாகப் போகாத ஒரு மருந்துக் கடையில் வாங்கியிருந்தாள். அதெல்லாம் பின்னால் தெரிந்தது.

மறைத்தாள் என்று சொல்கிறேனே, அதுகூடச் சரியில்லை. அவன் நாக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"கசக்குதே."

அண்ணி பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். "எனக்குக் கசக்கலையே" என்றாள். என்னிடமும் ஒரு கரண்டி நீட்டினாள், அதே பாத்திரத்திலிருந்து. வெறும் கஞ்சி, வாழைப்பழ ருசி. "இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். கட்டினவள் கையால் ஊற்றிய கஞ்சியைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது?

அண்ணன் சாப்பிட்டு முடித்தான். மறுநாளும் கசக்கிறது என்றான். அதற்கும் மறுநாள் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கை வழிப்பதும், வெந்நீரில் கொப்பளிப்பதுமாக இருந்தான். பல்லில் ஏதாவது இருக்குமோ என்று பல் டாக்டரிடம் போனான், அவர் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் வைரம் என்றார்.

கெட்டது ருசி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அவனுக்குத் தன் நாக்கின் மேல் இருந்த நம்பிக்கை கெட்டது. கஞ்சி கசந்தது, மூன்று பேரில் இரண்டு பேர் கசக்கவில்லை என்றார்கள். அப்படியானால் தப்பு நாக்கில்தானே? கம்பெனியில் ஒரு கோப்பை கசந்தால், இது இலையின் கசப்பா, என் நாக்கின் கசப்பா என்று யோசிக்க ஆரம்பித்தான். துப்பிய கையோடு சொல்கிறவன், திரும்பத் திரும்ப உறிஞ்சினான். தனக்குக் கீழே வேலை பார்த்த டேஸ்டரைக் கூப்பிட்டு, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அவன் யாரிடமும் கேட்காத கேள்வி அது. நல்ல சரக்கை ஒதுக்கினான், ஒதுக்க வேண்டியதை விட்டான்.

ஒரு நாள் மாடிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "என் நாக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு" என்றான்.

"வயசாகுதுல்ல அண்ணா" என்றேன். வேறென்ன சொல்வது?

பிறகு அந்தக் கசப்பும் போயிற்று. முதலில் அவனுக்கு ஒரே நிம்மதி. கஞ்சி கசக்கவில்லை என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தான், அவளும் சிரித்தாள். கம்பெனிக்குப் போய் முதல் கோப்பையை உறிஞ்சியபோதுதான் தெரிந்தது, தேநீரும் இல்லை. சூடு இருந்தது, ஈரம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அடுத்த கோப்பையும் அப்படியே. மேஜை கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தானாம். வெந்நீரை உறிஞ்சி வெந்நீரைத் துப்பியது போல இருந்தது என்றான். யாரிடமும் சொல்லவில்லை. இலையின் நிறத்தையும் மணத்தையும் வைத்துக் கொஞ்ச நாள் ஒப்பேற்றினான். வீட்டில் உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மணல் மாதிரி இருக்கிறது என்பான். உடம்பு இளைத்தது. பசிக்காகச் சாப்பிடுகிறவன் கடிகாரத்துக்காகச் சாப்பிட ஆரம்பித்தான்.

அண்ணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

முதலாளி நல்ல மனிதர்தான். நாலு பேர் எதிரில் வைக்காமல், தன் அறைக்குக் கூப்பிட்டு மூன்று கோப்பை வைத்தார். இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேலைக்கு வருகிற புது ஆட்களுக்கு அண்ணனே வைக்கிற சோதனை. அண்ணன் உறிஞ்சினான், நடுக் கோப்பையைக் காட்டினான். தப்பு. மாற்றி வைத்தார்கள். மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவை மூன்று கோப்பையும் எதிரில் இருக்க, கரண்டியைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, "தெரியலை சார்" என்றான். சோதனைக்குத் தேநீர் வடித்துக் கொடுக்க வந்திருந்த, அவனுக்குக் கீழே வேலை பார்த்த அதே டேஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. குடோனில் மூட்டை வருவதையும் போவதையும் மேற்பார்வை பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அங்கேயும் நாக்கு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் மரியாதைக்கு, அப்புறம் பழக்கத்துக்கு, கடைசியில் கிண்டலுக்கு.

அந்த நாட்களில் அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அவன் கால். ஆமாம், சிரிக்காதீர்கள். பூச்சு மருந்தைத் தினமும் தவறாமல் பூசிக்கொண்டிருந்தான். கட்டை விரல் நகத்தின் அடியில், தோலிலிருந்து புறப்படுகிற இடத்தில், ஒரு கீற்றுப் போலச் சுத்தமான நகம் முளைத்து வந்தது. கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டி எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவான். "பாத்தியா? நான் சொன்ன மருந்துதான் கேட்டுச்சு. மாத்திரை மாத்திரைன்னு குதிச்சியே" என்று அண்ணியைச் சீண்டுவான். அவள் குனிந்து பார்த்து, "ஆமா, நல்லாத்தான் வருது" என்பாள்.

ருசி போனதற்கு அவன் பார்க்காத டாக்டர் இல்லை. காது மூக்கு தொண்டை பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஏதாவது புது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்று எல்லோரிடமும் சொன்னான். கடைசியில் நகத்து டாக்டரம்மாவிடம் பூச்சு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற நாள் வந்தது. மூன்று பேரும்தான் போனோம். அண்ணி வரவில்லை என்றாள், அண்ணன் விடவில்லை. தன் வெற்றியை அவள் எதிரில் காட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை, பாவம்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து இரண்டு நகத்தையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். கடைசில மாத்திரை சாப்பிட முடிவு பண்ணிட்டீங்க போல. யார் எழுதிக் குடுத்தாங்க?"

"மாத்திரையா? நீங்க குடுத்த பூச்சுதான் டாக்டர்."

"பூச்சுல இந்த அளவுக்கு, அதுவும் இவ்வளவு சீக்கிரம் வராதுங்க. ரெண்டு நகமும் ஒரே மாதிரி அடியிலேர்ந்து சுத்தமா வருது பாருங்க. உள்ளேர்ந்து மருந்து போனாத்தான் இப்படி வரும்." அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "எப்படி இவ்வளவு இளைச்சிட்டீங்க?"

அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பினான். அண்ணி தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த அறையில் நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அண்ணியிடம் தணிந்த குரலில், "ரத்தம்கூடப் பாக்காமயா குடுத்தீங்க? ஈரல் கெட்டிருந்தா?" என்றார். அண்ணி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கூரை பிய்ந்துபோகும், அக்கம் பக்கம் கூடும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அண்ணன் ஷூவைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அண்ணிதான் பேசினாள். "எனக்கு வேற வழி தெரியலைங்க. அந்த ஆள் எல்லார் முன்னாடியும் என் காலைப் பிடிச்சுப் பாத்து பேசினது உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னா நீங்க கேக்கலை. டாக்டர் கேக்கலை. நூத்துல ஒருத்தருக்குத்தானே வரும், நமக்கு வராதுன்னு நினைச்சேன். மூணு மாசம் கடந்துட்டா ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்னு நினைச்சேன்."

"ருசி போனது தெரிஞ்சப்புறம்?"

"பாதில நிறுத்தினா நகமும் போச்சு, நாக்கும் போச்சுன்னு ஆயிடுமே. இன்னும் கொஞ்ச நாள்தானே, முடிஞ்சா தானா திரும்பிடும்னு..." எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவள், பாதி எரிந்துவிட்டதே என்று மீதியையும் எரித்திருக்கிறாள்.

அண்ணன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். பிறகு சொன்னான்: "நாக்கு போனதைக்கூட விடு. கசக்குதுன்னு சொன்னேன்ல. அன்னிக்கு நீ என் கண்ணைப் பாத்து, இல்லைன்னு சொன்னியே. என் நாக்கு நிஜத்தைத்தான் சொல்லிச்சு. நான் உன்னை நம்பி, அதைப் பொய்யின்னு நினைச்சேன்."

அண்ணி அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நான் மாடிக்கு ஏறிப் போய்விட்டேன். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யவில்லை.

அண்ணியின் வேலை நிலைத்துவிட்டது. மேனேஜர் இப்போது அவள் காலைப் பார்ப்பதே இல்லையாம், அவ்வளவு நம்பிக்கை. அண்ணனின் நகமும் முழுசாக வளர்ந்துவிட்டது. இருவருக்கும் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி நகம். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் தப்பித்தான். ருசி மட்டும் வரவில்லை. சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும், பொறுங்கள் என்கிறார் டாக்டரம்மா. வராது என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது.

அண்ணன் வீட்டை விட்டுப் போகவில்லை, அண்ணியை ஒரு வார்த்தை வைததும் இல்லை. மழை வந்தால் அவள் துணியையும் சேர்த்து எடுத்து மடித்து வைக்கிறான். ஆனால் அவன் சாப்பாடு மாறிவிட்டது. எனக்கு அது புரியவே கொஞ்ச காலம் ஆயிற்று. முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு, ஓட்டோடு இருக்கிற வேர்க்கடலை, கடையில் வாங்கிப் பிரிக்காத ரொட்டி. ஓடு இருக்க வேண்டும், அல்லது தோல் இருக்க வேண்டும், அல்லது உறை இருக்க வேண்டும். அதை அவன் கையால் உடைக்க வேண்டும். சமைத்த எதையும் தொடுவதில்லை, நான் சமைத்ததையும்கூட.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கோபம்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு" என்றான். "முன்னாடி யார் எதைக் குடுத்தாலும் தைரியமா வாயில வெப்பேன். எதைக் கலந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்ல. இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதே. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

போன விடுமுறை நாளில் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். அண்ணி முட்டை அவித்து, பாத்திரத்தோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நீரிலேயே கிடந்து சுருங்கிப்போன விரல்களால் ஒரு முட்டையை எடுத்து, ஒரு சில்லு பிசகாமல் உரித்து, அவன் தட்டில் வைத்தாள். "சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்றாள். அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் அந்த முட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "தப்பா நினைச்சுக்காதேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பாத்திரத்துக்குள் கைவிட்டு ஓட்டோடு இருந்த வேறொரு முட்டையை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினான்.

அண்ணி அவன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து, அவன் பார்க்கும்படி பாதியைக் கடித்துத் தின்று காட்டி, மீதியை நீட்டினாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஓட்டை ஒவ்வொரு சில்லாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.